எட்டு சிலிண்டரும் என் வலப்பக்கமும்

என் கண் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு வாடகைக் காரால். கார் வாங்கலாமா என்று பார்க்கப் போய், கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்த ஆள் டெக்ஸஸின் இந்த ரவுண்ட் ராக் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் முதலில் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கார் மேல் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

மகள் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டாள். மனைவியின் சின்னக் கார் பழசாகி, போன கோடையில் ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட்டது. வீட்டில் மிஞ்சியது ஒரு பெரிய எஸ்யூவி. அதை அவள் எடுத்துக்கொள்வது, எனக்கு வேறு ஒன்று வாங்குவது என்று முடிவானது. அப்போதுதான் நான் என் ஆசையை வெளியில் விட்டேன்.

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய கார் அது. தரையோடு தரையாக இருக்கும். எட்டு சிலிண்டர் எஞ்சின். பொத்தானை அழுத்தினால் தெருநாய்கூட இல்லாத எங்கள் தெருவில், வீட்டுக்குள் தூங்குகிற நாய்களெல்லாம் எழுந்து குரைக்கும். அமெரிக்காக்காரன் மட்டுமே செய்யக்கூடிய முரட்டு வண்டி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் ஆளைக் காணோம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

மனைவி ஒரு டேகேரில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கப் பிள்ளைகளை மேய்ப்பதால் எதையும் சுற்றிவளைக்காமல் சொல்வாள். "தினமும் ஓட்டுறதுன்னா வாங்குங்க. கராஜ்ல நிறுத்தி வெச்சு அழகு பாக்குறதுன்னா வேண்டாம். ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்க. ஆபீஸுக்குப் போங்க, அரிசி வாங்கிட்டு வாங்க, என்னைய டேகேர்ல டிராப் பண்ணுங்க. அப்புறமும் வேணும்னு தோணிச்சுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நியாயமான பேச்சு. அதோடு இது என் தொழிலும்கூட. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் செய்ததில் ஓட்டை இருக்கிறது என்று நிரூபிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். இத்தனை வருடத்தில் அந்தப் புத்தி ரத்தத்தில் ஊறிவிட்டது. ஓட்டலில் தோசை வந்தால்கூட முதலில் ஓரத்தைத் தூக்கி அடியில் கருகியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

வாடகைக்கு விட்டவர் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். சாவியைக் கையில் கொடுக்கும்போது பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். கொஞ்சம் பழைய மாடல்தான், கேமரா, பீப் சத்தம் அதெல்லாம் இதில் கிடையாது, கண்ணை நம்பி ஓட்டுங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஏறுவது என்று சொல்ல முடியாது, பாயில் உட்காருவது போல இறங்கித்தான் உட்கார வேண்டும். எழும்போது ஒரு கை கதவில், ஒரு கை முட்டியில், வாயில் "அப்பாடா". இந்தியன் ஸ்டோர் வாசலில் உள்ள வேகத்தடையில் அடிவயிறு உரசியது. ஆனால் பின்பக்கம் அரிசி மூட்டையும் வெங்காயப் பையும் தேங்காயும் தாராளமாகக் கொண்டது. பெட்ரோலை மடக் மடக் என்று குடித்தது. ஃப்ரீவேயில் சேரும் வளைவில் மிதித்தால் முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவது போல இருந்தது. சர்ச்சில் எங்கள் தமிழ்ச் சபை நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். "என்ன அண்ணாச்சி, மிட்லைஃப் க்ரைஸிஸா? பேசாம ஒரு ஹைப்ரிட் எடுங்க, ரீசேல் வேல்யூவாவது இருக்கும்." சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஃப்ரீவேயில் வலது லேனுக்கு மாறும்போது ஒரு பிக்கப் டிரக் நீளமாக ஹாரன் அடித்தது. அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது இன்னொரு கார். மறுநாள் மறுபடியும். மூன்று முறையும் வலப்பக்கம்.

எனக்குள் இருக்கும் டெஸ்டர் விழித்துக்கொண்டான். வண்டியின் குறை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். முன் கண்ணாடிக்கு ஓரத்தில் கூரையைத் தாங்கும் கம்பம் இந்தக் காரில் தடிமன். ஜன்னல் குறுகல், கதவு உயரம். இணையத்தில் தேடினால் பத்துப் பேர் அதையே சொல்லியிருந்தார்கள்: வெளியே சரியாகத் தெரிவதில்லை, பழக வேண்டும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் எஸ்யூவியில் பக்கத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் ஆரஞ்சு விளக்கு எரியும், பீப் என்று கத்தும். அந்தச் சௌகரியத்துக்குப் பழகிவிட்டோம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எஸ்யூவியில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. என் மனைவி. இங்கே ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கம்; வலது சீட்டில் உட்கார்ந்தால் அவள் வாய் ஓயாது. "ரைட்டுல வண்டி." "சைக்கிள் வருது பாருங்க." "அந்தம்மா கிராஸ் பண்ணுறாங்க." மகள் ஹைஸ்கூலில் படித்த காலத்திலேயே இவள் ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லைசென்ஸ் வாங்கியது நானா நீயா என்று எத்தனையோ தரம் கத்தியிருக்கிறேன். நாலு பேர் கூடினால், என் வண்டியில் ஜிபிஎஸ் இரண்டு, ஒன்றை ஆஃப் பண்ண முடியாது என்று சொல்லிச் சிரிப்பேன். அவளும் கூடச் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளை டேகேரில் விட இந்தக் காரில் அழைத்துப் போனேன். பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும் நேரம். ஒரு ஸ்டாப் போர்டில் நிறுத்தி, இடது பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்தேன். காலியாக இருந்தது. வண்டியை வலப்பக்கம் திருப்பினேன். எஞ்சின் உறுமலில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அடுத்த நொடி என் கையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. பிரேக்கை மிதித்தேன்.

பானெட்டுக்கு முன்னால், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் ஸ்டாப் பலகை. இன்னொரு கையால் ஒரு சின்னப் பெண்ணைத் தன் இடுப்போடு சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தார். அந்தப் பெண்ணின் ஒரு ஷூ கழன்று ரோட்டில் கிடந்தது.

அவர் திட்டவில்லை. பிள்ளையை நடைபாதையில் விட்டுவிட்டு என் பக்கத்துக்கு வந்து குனிந்தார். வயதானவர். "என்னை நீங்கள் பார்க்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்தக் காரில் கம்பம் மறைக்கிறது" என்றேன்.

அவர் தன் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். "நான் பாதி ரோடு வந்துவிட்டேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஷூவை எடுத்துக்கொண்டு போனார்.

டேகேர் வாசலில் இறங்கும்போது மனைவியின் முகம் வெளுத்திருந்தது. "இந்த வண்டி வேண்டாங்க" என்றாள். நான் உடனே ஒத்துக்கொண்டேன். உயிர் போகிற விஷயம், இந்தக் கார் தினசரி ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்றேன். அதோடு விட்டிருந்தால் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எஸ்யூவியின் பீப் சத்தத்துக்குள் மறுபடி போய் ஒளிந்துகொண்டிருப்பேன். என் தொழில் புத்தி விடவில்லை. லாயக்கில்லை என்று சொன்னால் போதாது, எவ்வளவு லாயக்கில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு மதியம் ஓர் அமெரிக்கச் சபையின் கட்டடத்தில் கூடும். சனிக்கிழமை அதன் பார்க்கிங் காலியாகக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க எஸ்யூவியும் வேண்டும் என்று மனைவியை அதில் பின்னாலேயே வரச் சொன்னேன். அடையாளம் வைக்க வெங்காயப் பையை எடுத்துக்கொண்டேன். முறை எளிதுதான். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, தலையைத் திருப்பாமல், நேராகச் சபையின் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் காரின் மூக்குக்கு நேரே இருந்து வலப்பக்கமாகச் சுற்றி நடந்து வர வேண்டும். என் கண்ணிலிருந்து மறையும் இடத்தில் கத்துவேன். அங்கே ஒரு வெங்காயத்தை வைக்க வேண்டும்.

நடந்தாள். "மறைஞ்சிட்டே" என்றேன். "வெங்காயத்த வை. பாத்தியா, அந்தக் கம்பம் எவ்வளவு மறைக்குதுன்னு."

குரல் மட்டும் வந்தது. "ஏங்க, நான் கம்பத்துக்குப் பின்னால இல்ல."

"பின்ன எங்க நிக்கிற?"

"முன் கண்ணாடிக்கு நேரா நிக்கேங்க. உங்க முகம் எனக்கு முழுசாத் தெரியுது."

தலையைத் திருப்பினேன். பானெட்டின் வலது மூலைக்குக் கொஞ்சம் தள்ளி, கண்ணாடியின் நடுவாந்தரத்தில், வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கும் கம்பத்துக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் நிற்கலாம்.

மறுபடி நேராகப் பார்த்தேன். அவள் இல்லை. கறுப்பாக எதுவும் தெரியவில்லை, மங்கலாகக்கூட இல்லை. பார்க்கிங், மரங்கள், வானம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவள் மட்டும் அங்கே இல்லை.

இடம் மாற்றிக்கொண்டோம். அவள் உட்கார்ந்தாள், நான் நடந்தேன். கம்பத்துக்குப் பின்னால் ஓர் எட்டு வைக்கும் நேரம் நான் அவளுக்கு மறைந்தேன். பிறகு கதவைத் தாண்டும்வரை, "தெரியுது, தெரியுது, இன்னும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னமாகிக்கொண்டு வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். கோளாறு போய்விட்டால் மாற்றிய பாகம்தான் குற்றவாளி. ஆளை மாற்றியாயிற்று. இனி வண்டியை மாற்ற வேண்டும். எஸ்யூவியில் ஏறி உட்கார்ந்து, அதே சிலுவையைப் பார்த்தேன். விளக்கு, பீப் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். அவள் நடந்தாள். அதே இடத்தில் மறைந்தாள்.

தலையைத் திருப்பி, அவள் தரையில் வைத்த வெங்காயத்தைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பெண்ணின் ஷூதான் கண்ணுக்குள் வந்தது. மனைவி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "நான் நச்சரிக்கேன்னு நெனச்சீங்க" என்றாள். "எனக்கும் தெரியாதுங்க. நீங்க எதையோ யோசிச்சிக்கிட்டு ஓட்டுறீங்கன்னுதான் நெனச்சேன். அதான் சொல்லிக்கிட்டே வந்தேன்." சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது.

அன்றைக்கே காரைத் திருப்பிக் கொடுத்தோம். ஓட்டியது அவள். பாலும் முட்டையும் வாங்கப் போவது போல நிதானமாக, எல்லாக் கண்ணாடியும் பார்த்து, அந்த முரட்டு வண்டியைப் பூனைக்குட்டி மாதிரி கொண்டுபோய் அந்த வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தினாள். தினமும் ஓட்ட ஒத்துவருமா என்று அவர் ஆவலாகக் கேட்டார். நல்ல வண்டி, ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எஸ்யூவி இன்னும் சபை பார்க்கிங்கில் நின்றது. அதை எடுக்க நடந்தே போனோம். நடைபாதையில் அவள் என் வலப்பக்கமாக வந்துகொண்டாள்.

கண் டாக்டர் ஓர் இளம் பெண். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, எங்கேயாவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன், அழுத்தினேன், பிறகு வெகுநேரம் வெளிச்சமே வரவில்லை. மெஷின் ஹேங் ஆகிவிட்டதோ என்று கேட்டேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார் உதவியாளர்.

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். வலிக்காது, சிவக்காது. வலது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம் இருக்கிறது. இடது கண்ணிலும் மூக்கை ஒட்டிய வலப்பக்கப் பார்வை போய்விட்டது. இரண்டும் சேர்ந்து என் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. போனது போனதுதான், சொட்டு மருந்தால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், இனிமேல் வண்டி ஓட்டாதீர்கள் என்றார் டாக்டர். டெக்ஸஸில் ஓட்டாதே என்பது காலை எடுத்துவிடுகிறேன் என்பது போலத்தான். பால் வாங்க வேண்டுமென்றாலும் இனி ஒருவர் தயவு வேண்டும்.

"கடைசியாக எப்போது கண்ணைப் பரிசோதித்தீர்கள்?" என்று கேட்டார்.

"வருடா வருடம் பார்க்கிறேன், இந்தியாவில்" என்றேன்.

எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இங்கே கண்ணாடி கொள்ளை விலை, ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். டிசம்பரில் பாளையங்கோட்டைக்குப் போனால் தம்பி ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போவான். கடைப் பையன் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்வான். உள்ளே ஒரு நீளமான சாலையும் அதன் கோடியில் ஒரு சிவப்பு ஓட்டு வீடும் தெரியும். முதலில் கலங்கி, பிறகு பளிச்சென்று தெளியும். பவர் எழுதிக் கொடுப்பான். அண்ணனும் தம்பியுமாக ஆளுக்கு இரண்டு கண்ணாடி, ஒரு கூலிங் கிளாஸ். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வோம். கண் ஆஸ்பத்திரிக்குப் பெயர்போன சீமை எங்களுடையது. கேரளாவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். நாங்கள் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் கண்ணாடிக் கடைக்குப் போவோம். நடுவில் இருப்பது எனக்கு எப்போதும் தெளிவாகத்தான் தெரிந்தது. அந்தச் சிவப்பு வீடும் நடுவில்தான் இருந்தது.

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "உடன்பிறந்தவர்கள் உண்டா? இது குடும்பத்தில் வரும். அவர்களையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள்."

மறுநாள் விடிந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். ஹெல்மெட்டுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு, டியூஷன் முடிந்த மகளை ஸ்கூட்டரில் கூட்டி வந்துகொண்டிருந்தான். பின்னால் பஸ் சத்தம். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ, என்னண்ணே இது" என்றான். நிஜமாகவே பதறினான். பிறகு, "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. போன டிசம்பர்ல உங்கூடத்தான டெஸ்ட் பண்ணுனேன்? கம்ப்யூட்டர்ல பாத்து எல்லாம் ஓக்கேன்னுதான சொன்னான்?" என்றான்.

"அது டெஸ்டே இல்லல. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போ."

"சரிண்ணே, லீவு போட்டுட்டு ஒருநாள்..."

அப்போது அவன் பின்னாலிருந்து என் தம்பி மகளின் குரல் கேட்டது. "யப்பா, சைடுல ஆட்டோ! யப்பா!" பிரேக் கிறீச்சிட்டது. யாரோ திட்டிக்கொண்டே போனார்கள்.

"ஒண்ணுமில்லண்ணே" என்று சிரித்தான். "இவ ஒருத்தி. பின்னால உக்காந்துக்கிட்டு எப்பவும் இப்படித்தான், அங்க பாரு இங்க பாருன்னு கத்திக்கிட்டே வருவா. ஏட்டி, சும்மா இருட்டி, அப்பாக்குத் தெரியும்."

"லே, வண்டிய நிறுத்துல!" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "நிறுத்தி இறங்குல. பிள்ளைய இறக்கி விடுல."

"என்னண்ணே இப்படிக் கத்துத?" என்றான். "இந்தா, ஆத்துப்பாலம் வந்துட்டு. தாண்டுனதும் நிறுத்துதேன்."